வாக்கு இயந்திரமும் பொறியாளரின் பொதுவாழ்வும்

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் வாக்களிக்கும் முறை சில முறை உருமாறியிருக்கிறது. 1951-52 பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனி எஃகுப் பெட்டி இருந்தது. 1960களின் தொடக்கத்திலிருந்து எல்லாருடைய பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் வந்தது. நூற்றாண்டின் இறுதியில் முத்திரையின் இடத்தைப் பொத்தான் பிடித்தது. 2013 முதல் அந்தப் பொத்தானுக்குத் துணையாகக் காகிதச் சீட்டு மீண்டும் வந்து சேர்ந்தது. இம்மாற்றங்களைப் பற்றி எழுதப்படும் வரலாறுகளில் தேர்தல் ஆணையர்களும் நீதிபதிகளும் கட்சித் தலைவர்களும் நிறைந்திருக்க, கருவியை வடிவமைத்த பொறியாளர்கள் ஓரிரு வரிகளில் வந்து போகிறார்கள். ஆனால் வாக்குரிமை எப்படிச் செயல்பட வேண்டும் என்பதைச் சட்டம் எவ்வளவு தீர்மானித்ததோ, ஏறத்தாழ அவ்வளவு தூரம் பொறியாளரின் மேசையும் தீர்மானித்திருக்கிறது. அந்த மேசையில் எடுக்கப்பட்ட முடிவுகள் அரசியல் முடிவுகளே என்பதை அவற்றை எடுத்தவர்கள் வெளிப்படையாகப் பேசிய காலங்களும் உண்டு, பேசாமல் விட்ட காலங்களும் உண்டு; இரண்டின் விளைவுகளும் வெவ்வேறாக இருந்திருக்கின்றன.

முதல் இரண்டு பொதுத்தேர்தல்களில் பின்பற்றப்பட்ட பெட்டி முறை, எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோர் வாக்களிக்க ஏற்றதாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. வாக்காளர் மறைவிடத்துக்குள் சென்று, தமக்கு வேண்டிய சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். சீட்டில் எதையும் குறிக்க வேண்டியதில்லை. எளிமையான இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு குறைகள் இருந்தன. வேட்பாளர் எண்ணிக்கை பெருகினால் பெட்டிகளின் எண்ணிக்கையும் அதே அளவுக்குப் பெருகும் என்பது ஒன்று. மறைவிடத்துக்குள் சென்றவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் வைத்து வெளியே கொண்டுவந்துவிடலாம் என்பது மற்றொன்று. முத்திரை முறை இவ்விரண்டையும் பெருமளவு தீர்த்தது. ஒருவரே பலமுறை வாக்களிப்பதைத் தடுக்கத் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வேதியியலாளர்கள் உருவாக்கிய அழியா மை 1962 முதல் மைசூரில் தயாரிக்கப்பட்டு நாடெங்கும் சென்றது. விரல் நகத்தில் வைக்கப்படும் அந்த மையைப் பற்றிக் கட்சிகள் பொதுவாகப் பெரிதாக ஐயம் எழுப்பியதில்லை. அது செய்யும் வேலை என்னவென்று எல்லாருக்கும் கண்ணால் பார்த்தே விளங்கிவிடும் என்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

முத்திரைச் சீட்டின் காலத்தில் எழுந்த சிக்கல்கள் வேறு வகையானவை. கோட்டின் மேல் முத்திரை விழுந்ததால் செல்லாதவை ஆன வாக்குகள், இரவு பகலாக நீண்ட எண்ணிக்கை, காகிதச் செலவு ஆகியவை நிர்வாகச் சிக்கல்கள். வாக்குச்சாவடியைக் கைப்பற்றுதல் என்பது அவற்றினும் கடுமையானது. ஆயுதங்களோடு சாவடிக்குள் புகும் கும்பல் ஒன்று, கட்டுக்கட்டாகச் சீட்டுகளை எடுத்துச் சில நிமிடங்களில் முத்திரை குத்திப் பெட்டியை நிரப்பிவிட முடிந்தது. இந்தப் பின்னணியில்தான், 1977-இல் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ்.எல். ஷக்தர் காலத்தில், மின்னணு முறையில் வாக்கைப் பதிய வழி காணுமாறு ஹைதராபாத்திலுள்ள பொதுத்துறை நிறுவனமான இந்திய மின்னணுக் கழகம் கேட்டுக்கொள்ளப்பட்டது. 1979-இல் மாதிரி தயாராகி, 1980 ஆகஸ்டில் அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகளுக்கு இயக்கிக் காட்டப்பட்டது. பெங்களூருவிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இம்முயற்சியில் இணைந்தது.

அந்நிறுவனத்தில் இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர்களில் ஒருவர் எஸ். ரங்கராஜன், தமிழ் வாசகர்களுக்கு அவர் சுஜாதா. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்த அவர், பகலில் பாதுகாப்புத் துறைக் கருவிகளோடும் இரவில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளோடும் வாழ்ந்தவர். வாக்கு இயந்திரப் பணிக்காக வாஸ்விக் விருதும் பெற்றார். கணினியின் உள்ளே நடப்பதைப் பொதுமக்களுக்குச் சொந்த மொழியில் விளக்க முடியும், விளக்க வேண்டும் என்று நம்பிய ஒருவர் அந்தக் குழுவில் இருந்தது ஒரு தற்செயல்தான். இந்தியத் தொழில்நுட்ப நிறுவனங்களில் அப்படிப்பட்டவர்கள் அன்றும் அரிது, இன்றும் அரிது.

இயந்திரம் இரண்டு பாகங்களைக் கொண்டது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் மேசைமேல் இருப்பது கட்டுப்பாட்டுக் கருவி; மறைவிடத்துக்குள் இருப்பது வாக்களிப்புக் கருவி; இரண்டையும் ஐந்து மீட்டர் நீளக் கம்பி இணைக்கிறது. அலுவலர் தம் பக்கத்துப் பொத்தானை அழுத்தி அனுமதித்தால்தான் உள்ளே ஒரு வாக்கு பதிவாகும். பதிவானதும் நீண்ட பீப் ஒலி எழும். அடுத்த அனுமதி வரும்வரை உள்ளேயுள்ள பொத்தான்களை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. ஒரு வாக்களிப்புக் கருவியில் பதினாறு வேட்பாளர்களுக்கு இடம் உண்டு. தொடக்ககால இயந்திரங்களில் அப்படி நான்கு கருவிகளைச் சேர்த்து 64 பேர் வரை கொள்ளச் செய்ய முடிந்தது. வெளி மின்சாரம் இல்லாத ஊர்களிலும் ஓட வேண்டும் என்பதால் மின்கலத்தில் இயங்கியது.

இவ்வடிவமைப்பில் ஒரு கூறு தனியாகக் கவனிக்கத்தக்கது. ஓர் இயந்திரம் நிமிடத்துக்கு ஐந்து வாக்குகளுக்கு மேல் ஏற்காது. அதாவது ஒரு வாக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது 12 விநாடி கழிய வேண்டும். மின்னணுச் சுற்றுக்கு 12 விநாடி என்பது ஒரு யுகம். அதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படவே இல்லை. அந்தத் தாமதம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. சாவடியைக் கைப்பற்றும் கும்பலால் மணிக்கு 300 வாக்குகளுக்கு மேல் போட முடியாது; அதற்குள் காவல்துறை வந்து சேரலாம்; தலைமை அலுவலர் வாக்குப்பதிவை முடித்துவைக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் அந்த 300-உம் இல்லை. வன்முறைக்கு எதிரான ஒரு பொதுக்கொள்கை, சட்டமன்றத்தில் ஒரு சொல்லும் பேசப்படாமல், சுற்றுப்பலகையில் ஒரு கால அளவாக எழுதப்பட்டது. நல்ல கொள்கைதான். ஆயினும் அது கொள்கையே என்பதும், அதை எழுதியவர்கள் மக்கள் பிரதிநிதிகள் அல்லர் என்பதும் மறுக்க முடியாதவை.

1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில், 84 சாவடிகளில் ஐம்பதில் இயந்திரம் முதன்முறையாகப் பயன்பட்டது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை, காங்கிரஸின் ஏ.சி. ஜோஸைவிட 123 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். தேர்தலுக்கு முன்னரே இயந்திரத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றிருந்தவர் சிவன் பிள்ளை. தோற்ற பின் எதிர்த்தவர் ஜோஸ். வென்றவர் நம்புவதும் தோற்றவர் ஐயுறுவதுமான வழக்கம் இயந்திரத்தின் முதல் தேர்தலிலேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இயந்திரத்தின் நம்பகத்தன்மைக்குள் நுழையவே இல்லை. வாக்குச்சீட்டு, வாக்குப்பெட்டி என்றே சட்டமும் விதிகளும் பேசும்போது, தேர்தலை மேற்பார்வையிடும் அதிகாரத்தைக் கொண்டு ஆணையம் வேறொரு முறையைப் புகுத்த இயலாது என்பதே அதன் சாரம். ஐம்பது சாவடிகளிலும் காகிதச் சீட்டால் மறுவாக்குப்பதிவு நடந்து, ஜோஸ் வென்றார்.

அதற்கிடையில் வேறு பத்துத் தொகுதிகளின் இடைத்தேர்தல்களிலும் இயந்திரம் பயன்பட்டிருந்தது. எல்லாம் சரியாக இயங்கியும் சட்டத்தில் இடமில்லாததால் திட்டம் நின்றுபோனது. 1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு 61-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 1990-இல் தேர்தல் சீர்திருத்தத்துக்காக அமைந்த தினேஷ் கோஸ்வாமி குழுவின் தூண்டுதலால், எஸ். சம்பத் தலைமையில், சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் இயக்குநர் பி.வி. இந்திரேசன் முதலியோர் அடங்கிய வல்லுநர் குழு இயந்திரத்தை ஆராய்ந்து பாதுகாப்பானதென்று பரிந்துரைத்தது. ஆனாலும் கட்சிகளின் ஐயம் தீரவில்லை. 1989-90-இல் தயாரான இயந்திரங்கள், 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி ஆகிய இடங்களின் 16 சட்டமன்றத் தொகுதிகளுக்கு வரும்வரை, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கிடங்கில் கிடந்தன.

இந்த இடைவெளியில் தமிழ்நாட்டில் நடந்த ஒரு நிகழ்வு, காகிதச் சீட்டின் எல்லையைக் காட்டியது. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் எதிர்ப்பைத் தெரிவிக்கும் பொருட்டுத் திரளாக மனுத்தாக்கல் செய்ததால், களத்தில் 1,033 வேட்பாளர்கள் நின்றனர். வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாக அச்சாயிற்று; தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. அதே ஆண்டில் சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000-ஆகவும், மக்களவைக்கு 500-லிருந்து 10,000-ஆகவும் உயர்த்தப்பட்டது. 64 வேட்பாளருக்கு மேல் கொள்ளாத இயந்திரம், எத்தனை பேர் போட்டியிடலாம் என்ற வினாவையும் தன்னுள் சுமந்திருந்தது. அவ்வெண்ணைத் தாண்டினால் மீண்டும் காகிதம்தான். பிற்காலத்து இயந்திரத் தலைமுறையில் 24 கருவிகளை இணைத்து 384 பெயர்கள் வரை இடமளிக்கும் வசதி வந்ததால், 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் மொடக்குறிச்சியைப் போலவே திரண்டு, 185 பேர் போட்டியிட்டபோது, இயந்திரத்தைக் கொண்டே தேர்தல் நடத்த முடிந்தது. எதிர்ப்புக்கு எவ்வளவு இடம் என்பதையும் கருவியின் கொள்ளளவே அளந்திருக்கிறது.

2001-இல் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்கம் ஆகியவற்றின் சட்டமன்றத் தேர்தல்கள் முழுவதும் இயந்திரத்தில் நடந்தன. அதை எதிர்த்து அ.இ.அ.தி.மு.க. தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. 2004-இல் மக்களவையின் 543 தொகுதிகளிலும் காகிதச் சீட்டு விடைபெற்றது.

இம்மாற்றத்தால் பெரிதும் கவனிக்கப்படாமல் இழக்கப்பட்ட ஒன்று உண்டு. தேர்தல் நடத்தை விதிகளின் 59-ஏ பிரிவின்படி, வெவ்வேறு சாவடிகளின் காகிதச் சீட்டுகளை ஒன்றாகக் கலந்த பின் எண்ணுமாறு ஆணையம் உத்தரவிடலாம். அப்படிக் கலந்தால், எந்தத் தெரு எந்தக் கட்சிக்கு வாக்களித்தது என்பது வெளிப்படாது. இயந்திரமோ சாவடி வாரியாகத்தான் எண்ணிக்கை தரும். ஆயிரம் வாக்காளர் கொண்ட ஒரு சாவடியின் கணக்கு வெளியானால், வென்ற கட்சிக்காரர் அந்தச் சேரிக்கோ குப்பத்துக்கோ குடிநீர்க் குழாயும் சாலையும் தராமல் பழிவாங்க முடியும்; சில ஊர்களில் பிரசார மேடையிலேயே அப்படி மிரட்டியதுண்டு. தனிமனிதரின் வாக்கு இரகசியமாகவே இருந்தபோதிலும் தெருவின் வாக்கு அம்பலமாயிற்று. இதற்கு விடையாக, பதினான்கு இயந்திரங்களின் வாக்குகளை ஒரே நேரத்தில் கூட்டி மொத்தத்தை மட்டும் காட்டும் கூட்டுக்கருவி ஒன்று உருவாக்கப்பட்டது. ஆணையம் 2008-இல் அதைப் பரிந்துரைத்தது; சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆம் அறிக்கையில் வழிமொழிந்தது; மத்திய அரசு ஏற்கவில்லை. சாவடி வாரிக் கணக்கு கட்சிகளின் தேர்தல் உத்திக்குப் பயன்படுகிறது என்பதை நினைத்தால், இக்கோரிக்கைக்கு வலுவான அரசியல் ஆதரவு எழாததில் வியப்பில்லை. கருவியைச் செய்தவர்களில் எவரும், தாம் செய்தது ஏன் தேவை என்று பொதுவெளியில் தொடர்ந்து வாதாடவில்லை. வாதாடியிருந்தால் வென்றிருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இக்கருவியின் பெயரைக்கூடக் கேள்விப்படாத வாக்காளர்களே இன்று பெரும்பான்மை.

இதே காலத்தில் பிற நாடுகளில் கணினித்துறையினர் வேறு விதமாக நடந்துகொண்டனர். 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவின் துளையட்டைகள் ஏற்படுத்திய குழப்பத்தைத் தொடர்ந்து, 2002-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே ஏறத்தாழ 390 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு, மாநிலங்கள் தொடுதிரை இயந்திரங்களை வாங்கக் கிளம்பின. அதற்கு முன்பே, ரெபெக்கா மெர்குரி என்ற கணினி அறிவியலாளர், வாக்கு காகிதத்தில் அச்சாகிக் கண்ணாடிக்குப் பின்னே தெரிய வேண்டும், வாக்காளர் பார்த்துச் சரியென்ற பின் அது பெட்டிக்குள் விழ வேண்டும், மறு எண்ணிக்கைக்கு அதுவே மூலமாக வேண்டும் என்று எழுதி, 2000-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் ஆய்வேட்டில் அதை விரித்துரைத்திருந்தார். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டேவிட் டில் 2003-இல் இக்கோரிக்கைக்குக் கணினித்துறையினரின் கையொப்பங்களைத் திரட்டி, அதை ஓர் இயக்கமாக்கினார். கணினியை அதிகம் அறிந்தவர்களே அதை முழுவதும் நம்ப வேண்டாம் என்று சொன்னது, சட்டமியற்றுவோருக்கு முதலில் புரியாத புதிராகவே இருந்தது.

நெதர்லாந்தில் ரோப் கோங்ரைப் என்பவரும் தோழர்களும் 2006-இல் நெடாப் நிறுவனத்தின் வாக்கு இயந்திரம் ஒன்றைத் திறந்து ஆராய்ந்தனர். வாக்குப் பதிவதற்கென்றே தனியாகச் செய்யப்பட்ட அந்த இயந்திரத்தைச் சதுரங்கம் ஆட வைக்க முடியுமா பார்க்கலாம் என்று தயாரிப்பாளர் தரப்பு சவால் விட்டிருந்தது. அவர்கள் ஆட வைத்துக் காட்டினார்கள். சில்லை மாற்றினால் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்பதைப் பொதுமக்களுக்கு விளக்க அதைவிட நேரடியான வழி கிடைத்திருக்காது. 2008-க்குள் அந்நாடு சிவப்புப் பென்சிலுக்குத் திரும்பியது. ஜெர்மனியில் இயற்பியலாளரான மகனும் அரசியல் அறிவியலாளரான தந்தையும் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2009 மார்ச் 3 அன்று கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம், வாக்களிப்பின் முக்கியப் படிகளைச் சிறப்பறிவு எதுவும் இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்றும், 2005 தேர்தலில் பயன்பட்ட இயந்திரங்கள் அதற்கு இடம் தரவில்லை என்றும் தீர்ப்பளித்தது. தொழில்நுட்ப அறிவு பெற்ற ஒருவர், தொழில்நுட்ப அறிவு இல்லாதவரின் உரிமைக்காக வழக்காடி வென்றது இத்தீர்ப்பின் தனிச்சிறப்பு.

கோங்ரைப்பின் பாதை இந்தியாவுக்கும் வந்தது. 2010-இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன், கோங்ரைப் ஆகியோரின் குழு, இந்திய இயந்திரம் ஒன்றை ஆய்வகத்தில் வைத்து ஆராய்ந்து இரண்டு வழிகளை இயக்கிக் காட்டியது. முடிவைக் காட்டும் திரைப்பலகையைத் தோற்றத்தில் அதே போன்ற பொய்ப்பலகையால் மாற்றுவது ஒன்று. வாக்குகள் சேமிக்கப்பட்ட நினைவகத்தின்மேல் சிறு கருவியைக் கவ்வ வைத்து எண்களை மாற்றுவது மற்றொன்று. இரண்டுக்கும் இயந்திரம் கைக்கு எட்ட வேண்டும். அரக்கு முத்திரை, முகவர் கையொப்பம், காவல் வைத்த அறை ஆகியவற்றைத் தாண்டி லட்சக்கணக்கான இயந்திரங்களை எட்டுவது எளிதன்று என்று ஆணையம் பதில் சொன்னது. இந்திய இயந்திரத்தில் வலைப்பின்னல் இணைப்பு கிடையாது, இயங்குதளம் கிடையாது என்பதும் உண்மை. மக்களவை, சட்டமன்றத் தேர்தல் எதிலும் இயந்திரம் திருத்தப்பட்டதாக எந்த நீதிமன்றமும் முடிவு செய்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆயினும் அக்குழு எழுப்பிய ஒரு வாதம் கருவியின் மையத்தைத் தொட்டது. இயந்திரத்தின் மென்பொருள், ஒருமுறை எழுதினால் பின் மாற்ற முடியாத சில்லில் பதியப்படுகிறது. வெளியார் அதைத் திருத்த முடியாது என்பதால் இது பாதுகாப்பாகக் கருதப்பட்டது. ஆனால் உள்ளேயிருக்கும் மென்பொருளைப் படித்துப் பார்க்கவும் முடியாதபடி அது அமைந்திருந்ததால், சில்லில் இருப்பது தாம் ஒப்புக்கொண்ட மென்பொருள்தானா என்று ஆணையமே உறுதி செய்ய வழியில்லை. பூட்டின் சிறப்பாகச் சொல்லப்பட்டதே சோதனைக்குத் தடையாயிற்று. இதை அரசு அமைத்த குழுக்கள் வெளிப்படையாக விவாதித்திருக்க வேண்டும். 1990-இல் குழுவில் உறுப்பினராக இருந்த இந்திரேசனே 2006-இல் அடுத்த குழுவுக்குத் தலைவர். பதிவான வாக்கைக் காகிதச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியைப் பற்றி ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைவர். அவருடைய தகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நூறு கோடி மக்கள் கொண்ட நாடு இருபது ஆண்டுகளாக ஒரே கைப்பிடி வல்லுநர்களிடமே கேள்வி கேட்டது, அவையில் குறுக்குக் கேள்வி கேட்போர் இல்லாமல் வழக்கு நடத்தியது போன்றது.

ஹரி பிரசாத் அவ்வாண்டு ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். ஆய்வுக்கு வந்த இயந்திரம் மும்பையின் அரசுக் கிடங்கிலிருந்து எப்படி வெளியேறியது என்பதே வழக்கு. பிணையில் வந்த அவர் பின்னர் ஆந்திர அரசியலில் சந்திரபாபு நாயுடுவுக்கு ஆலோசகரானார். 2019 ஏப்ரலில் தெலுங்கு தேசம் கட்சியின் தூதுக்குழுவில் அவர் இடம்பெற்றதற்கு, பழைய வழக்கைச் சுட்டி ஆணையம் மறுப்புத் தெரிவித்தது. அவரைப் போலத் தொழில்நுட்பத்திலிருந்து கட்சிமேடைக்குச் சென்றவர்களின் பங்களிப்பு எல்லாமே ஒரே தரத்தில் இருந்ததில்லை. 2017 மே மாதம் டெல்லி சட்டமன்றத்தில், பொறியாளராகப் பணியாற்றியிருந்த ஆம் ஆத்மி உறுப்பினர் சௌரப் பரத்வாஜ், வாக்கு இயந்திரத்தைப் போன்ற தோற்றமுடைய ஒன்றை வைத்து முறைகேடு செய்துகாட்டினார். அது ஆணையத்தின் இயந்திரம் அன்று என்ற ஒரு வரி மறுப்பிலேயே அந்த விளக்கம் விழுந்துபோனது. அடுத்த மாதம் ஆணையம் கட்சிகளை அழைத்துச் சவால் விட்டபோது இயந்திரத்தின் உட்பாகத்தை மாற்றக் கூடாது என்று நிபந்தனை விதித்ததும் அதே அளவுக்குப் பயனற்ற விளையாட்டாகவே முடிந்தது. இரு தரப்பும் காட்சிக்கு ஆசைப்பட்டன. ஆராய்ச்சிக்கு யாரும் இடம் தரவில்லை.

2010 அக்டோபரில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் பல கட்சிகள் காகிதச் சான்று கேட்டன. லடாக், ஜெய்சல்மேர், சிரபுஞ்சி, திருவனந்தபுரம், கிழக்கு டெல்லி என வெயிலும் குளிரும் மழையும் வாட்டும் ஐந்து இடங்களில் 2011 ஜூலையில் கள ஆய்வு நடந்தது. 2013 ஆகஸ்டில் விதிகள் திருத்தப்பட்டு, செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் விவிபாட் முதலில் வந்தது. அக்டோபரில் சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் காகிதச் சான்று இன்றியமையாதது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2014-இல் மத்திய சென்னை உள்ளிட்ட எட்டு மக்களவைத் தொகுதிகளிலும், 2019-இல் நாடு முழுவதும் அது பயன்பட்டது. பொத்தானை அழுத்தியதும் சின்னமும் பெயரும் வரிசை எண்ணும் அச்சான சீட்டு ஏழு விநாடி கண்ணாடி வழியே தெரிந்து, தானே அறுபட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. மெர்குரி எழுதி வைத்த ஏற்பாடு ஏறத்தாழ அப்படியே இந்தியச் சாவடிக்கு வந்து சேர்ந்தது.

அதோடு ஒரு புதிய நுட்பமும் உள்ளே நுழைந்தது. பழைய இயந்திரத்துக்கு வேட்பாளர் யாரென்றே தெரியாது. முதல் பொத்தானில் இத்தனை, இரண்டாம் பொத்தானில் இத்தனை என்று மட்டுமே அது எண்ணும். எந்தத் தொகுதியில் யார் எந்த வரிசையில் வருவார் என்பது வேட்புமனு இறுதியான பின்பே தெரியும் என்பதால், தொழிற்சாலையிலேயே ஒரு கட்சிக்குச் சாதகமாக மென்பொருள் எழுதுவது வீண் என்பது பொறியாளர்களின் முக்கியமான பாதுகாப்பு வாதம். விவிபாட் சின்னத்தையும் பெயரையும் அச்சிட வேண்டியிருப்பதால், இறுதிப் பட்டியல் வந்த பிறகு சின்னம் ஏற்றும் கருவியின் வழியே அவை உள்ளே செலுத்தப்படுகின்றன. இதனால் முறைகேடு நடந்தது என்று பொருளில்லை; முன்பு சொல்லிவந்த வாதத்தை இனி அதே சொற்களில் சொல்ல முடியாது என்பதே பொருள். பட்டறிவுள்ள நிரலர் எவருக்கும் இவ்வேறுபாடு உடனே புலப்படும். தொலைக்காட்சி விவாதங்களில் அது ஏறக்குறைய வரவே இல்லை.

எத்தனை சீட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பது என்ற கேள்வி கணிதத்துக்கு உரியதாயிற்று. ஆணையம் கேட்டுக்கொண்டபடி, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அபய் பட், சென்னைக் கணிதவியல் கழகத்தின் ராஜீவ கராந்திகர் முதலியோர், நாடு முழுவதையும் ஒரே தொகுப்பாகக் கொண்டால் 479 இயந்திரங்களைச் சோதிப்பதே போதும் என்று 2019 மார்ச்சில் அறிக்கை தந்தனர். தமிழ்நாட்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி கே. அசோக் வர்தன் ஷெட்டி, முடிவு அறிவிக்கப்படுவது தொகுதி வாரியாக என்பதால் தொகுதியையே தொகுப்பாகக் கொள்ள வேண்டும், அப்படிக் கொண்டால் சோதிக்க வேண்டிய எண்ணிக்கை பன்மடங்கு உயரும் என்று சூத்திரங்களோடு வாதிட்டார். சூத்திரத்தில் இரு தரப்புக்கும் பூசலில்லை. எதை ஒரு முழுமை என்று கொள்வது என்பதிலேதான் பூசல். அது கணிதக் கேள்வி அன்று, மக்களாட்சி பற்றிய கேள்வி. இந்தியத் தேர்தல் விவாதத்தில் கல்வியாளர்கள் பெயர் போட்டு, கணக்கைக் காட்டி, எதிர்வாதத்துக்கு இடம் வைத்துப் பேசிய மிகச் சில தருணங்களில் இதுவும் ஒன்று. உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று, ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் ஒன்றாக இருந்த விவிபாட் சரிபார்ப்பை ஐந்தாக உயர்த்தியது. அந்த ஐந்து இரு தரப்புக் கணக்கிலிருந்தும் வந்ததன்று.

2024 ஏப்ரல் 26 அன்று அளித்த தீர்ப்பில், எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும், காகித முறைக்குத் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கைகளை நிராகரித்த உச்ச நீதிமன்றம், சின்னம் ஏற்றும் கருவிகளை முத்திரையிட்டு 45 நாள் பாதுகாக்குமாறு ஆணையிட்டது. மேலும், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் ஏழு நாட்களுக்குள் எழுதிக் கேட்டுக் கட்டணமும் கட்டினால், சட்டமன்றப் பகுதி ஒவ்வொன்றிலும் ஐந்து விழுக்காட்டு இயந்திரங்களின் எரித்த நினைவகத்தை, அதாவது ஒருமுறை பதித்து மாற்ற முடியாதபடி செய்த மென்பொருள் பகுதியை, தயாரிப்பு நிறுவனங்களின் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும் என்றும் கூறியது. பொறியாளர் என்ற சொல் இந்தியத் தேர்தல் நடைமுறையில் ஓர் அதிகாரப் பொறுப்பாக இவ்வளவு தெளிவாக இடம்பெற்றது இதுவே முதன்முறை எனலாம். ஆனால் அவர் கருவியைச் செய்தவரின் ஊழியர். கேட்பவர் தரப்புக்கெனத் தனிப் பொறியாளர் எவரையும் ஆணை குறிப்பிடவில்லை.

அவ்வாண்டு மக்களவைத் தேர்தலுக்குப் பின் அப்படி விண்ணப்பித்தவர்களில் இருவர் தமிழ்நாட்டினர்: வேலூரில் பா.ஜ.க.வின் ஏ.சி. சண்முகம், விருதுநகரில் 4,379 வாக்குகளில் தோற்ற தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரன். ஓர் இயந்திரத்துக்கு அப்போதைய கட்டணம் வரியோடு 47,200 ரூபாய். ஆணையம் அப்போது வகுத்த நடைமுறையின்படி, தேர்ந்தெடுத்த இயந்திரத்தில் 1,400 வரை மாதிரி வாக்குகளைப் பதிந்து, இயந்திரத்தின் கணக்கையும் விவிபாட் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மாதிரி வாக்குப்பதிவு இயந்திரம் இன்று ஒழுங்காக எண்ணுகிறதா என்பதைக் காட்டும். நீதிமன்றம் சொன்னதோ, சில்லில் எரித்த மென்பொருளைச் சோதிப்பது. இவை இரண்டும் வேறுவேறு சோதனைகள் என்று சுட்டிக்காட்டி, முந்தைய வழக்கின் மனுதாரர்கள் மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியதாயிற்று.